அழிந்துபோன வட்ஸ்அப் மெசேஜ்களைத் திரும்ப எடுக்கலாமா? அம்மாவின் தையல் ஓடர்கள் முழுவதும் போய்விட்டன

கொட்டாஞ்சேனை மகள்

வணக்கம். கொஞ்சம் அவசரம், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மா வீட்டில் சாறி பிளவுஸ் தைக்கிறார். ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும். அளவுகளைச் சிலர் டைப் பண்ணி அனுப்புவார்கள், சிலர் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார்கள், மிச்சப்பேர் குரல் பதிவில் சொல்லுவார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆவணிக் கல்யாணங்களுக்கு வருகிறவர்கள் துணியை மட்டும் இங்கே உள்ள சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் போனிலேயே முடித்துவிடுவார்கள்.

நேற்றுப் பின்னேரம் போனில் இடமில்லை என்று காட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்திருந்த சின்னப் பையன் ஒருவன் உதவி செய்கிறேன் என்று வட்ஸ்அப் செட்டிங்ஸுக்குள் போய் எல்லாச் சட்களையும் (அரட்டைகளையும்) ஒரேயடியாகத் துடைத்துவிட்டான். பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, தொட்டால் உள்ளே ஒன்றுமே இல்லை. வெட்டாமல் வைத்திருக்கும் துணி ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது.

சாம்சங் போன், அன்ட்ரொய்ட் 13. கூகுளில் பேக்கப் போகிறதா என்று அம்மாவுக்குத் தெரியாது. ஒரு கடையில் கேட்டோம். இரண்டு நாள் போனை வைத்துவிட்டுப் போங்கள், காசை முதலில் கட்டுங்கள், எல்லாம் எடுத்துத் தரலாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

புறக்கோட்டை மேசை

தங்கச்சி, போனைக் கடையில் விட வேண்டாம். காசும் கட்ட வேண்டாம். நான் புறக்கோட்டையில் போன் திருத்துகிறவன்தான், அதனால் தெரிந்துகொண்டே சொல்கிறேன்.

வட்ஸ்அப்பை அன்இன்ஸ்டோல் பண்ணாதீர்கள். அப்டேட் கேட்டாலும் விடுங்கள். 'இடம் துப்புரவாக்கும்' அப் எதையும் போடாதீர்கள். இப்போதே வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சட்ஸ், சட் பேக்கப் என்று போங்கள். கடைசியாகக் கூகுளுக்குப் பேக்கப் போன திகதியும் நேரமும் அங்கே இருக்கும், அதை எழுதி வையுங்கள். அப்புறம் தானாகப் பேக்கப் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். இது ஏனென்றால் கூகுளில் ஒரேயொரு பேக்கப்தான் நிற்கும், புதியது போனதும் பழையது போய்விடும். வெறுமையான வட்ஸ்அப் மேலே போனால் நல்ல பிரதி தொலைந்தது.

இன்னொரு கேள்வி. அந்தப் பையன் துடைத்த பிறகு போனில் இடம் கிடைத்ததா, இல்லை இன்னும் நிரம்பித்தான் இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை மகள்

அண்ணா, நன்றி. பார்த்தேன். கூகுள் பேக்கப் சித்திரை மாதத்தோடு நின்றுபோயிருக்கிறது. கூகுள் கணக்கில் இடம் நிரம்பிவிட்டது என்று ஒரு அறிவித்தலும் இருக்கிறது. தானாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

போனில் இடம் இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது. பையன் துடைத்ததில் ஒரு பயனும் இல்லை.

புறக்கோட்டை மேசை

இடம் கிடைக்கவில்லை என்பது நல்ல செய்தி. சட்களைத் துடைக்கும்போது, மீடியாவையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அதில் சரி போட்டிருந்தால் ஜிபி கணக்கில் இடம் காலியாகியிருக்கும். ஆகவே படங்களும் குரல் பதிவுகளும் போனிலேயே கிடக்கின்றன. போனது எழுத்தும், எது யாருடையது என்ற கணக்கும்தான்.

கூகுள் பேக்கப் நின்றதற்குக் காரணமும் தெரிகிறது. முன்பெல்லாம் அன்ட்ரொய்டில் வட்ஸ்அப் பேக்கப் கூகுளின் இலவச 15 ஜிபியில் சேராது. 2024இல் இருந்து அதையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஜிமெயில், படங்கள், வட்ஸ்அப் எல்லாம் அதே 15 ஜிபிக்குள். பலபேருடைய பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோனது இதனால்தான். சித்திரைப் பேக்கப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள், அதைவிட நல்லது ஒன்று போனுக்குள் இருக்க வேண்டும்.

அன்ட்ரொய்டில் வட்ஸ்அப் ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து வைக்கும். கூகுளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை. அப்படிக் கடைசி ஏழு நாளின் பிரதிகள் திகதியோடு நிற்கும், எட்டாவது வரும்போது மிகப் பழையது போய்விடும். சாம்சங்கில் உள்ள 'மை ஃபைல்ஸ்' அப்பைத் திறந்து அன்ட்ரொய்ட், மீடியா, கொம்.வட்ஸ்அப், வட்ஸ்அப், டேட்டாபேசஸ் என்று ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போங்கள். எம்எஸ்ஜிஸ்டோர் என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். எத்தனை, என்ன திகதி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று சொல்லுங்கள். அளவு முக்கியம்.

பார்த்து முடித்த கையோடு, இடம் உள்ள ஒரு லப்டொப்பில் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து வட்ஸ்அப் ஃபோல்டர் முழுவதையும் பிரதி எடுத்து வையுங்கள். ஃப்ளைட் மோடில் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கூகுளுக்குப் போவதைத்தான் தடுக்கும், போனுக்குள் 2 மணிக்கு நடப்பதைத் தடுக்காது.

மருதானை மாணவன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? யூடியூபில் பார்த்தால் அழிந்த வட்ஸ்அப் மெசேஜை மீட்கும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. கணினியில் போட்டு, போனை இணைத்து, ஸ்கேன் பண்ணினால் லிஸ்ட் வருகிறது. காசு கட்டினால் முழுவதும் தருகிறார்கள்.

புறக்கோட்டை மேசை

தம்பி, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் அந்த லிஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் போனில் ஏற்கனவே இருக்கிற படங்களையும் கோப்புகளையும்தான் 'கண்டுபிடித்தேன்' என்று காட்டும். மை ஃபைல்ஸில் நீங்களே பார்க்கக்கூடியவை அவை.

அழிந்த எழுத்தை எடுக்க வேண்டுமென்றால் வட்ஸ்அப்பின் சொந்தத் தரவுத்தளத்துக்குள் போக வேண்டும். அது எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வகைக் கோப்பு. வட்ஸ்அப்பைத் தவிர வேறு எந்த அப்பும் தொட முடியாத இடத்தில் இருக்கிறது. ஒரு வரியை அழித்தால் எஸ்கியூலைட் அந்த இடத்தைக் காலி என்று குறித்துவைக்கும், பிறகு வேறொன்று அதன்மேல் எழுதப்படும். எழுதப்படும்வரை பழைய எழுத்து அங்கே கிடக்கலாம், உண்மைதான். மீட்பு என்ற பேச்சு முழுவதும் இதை நம்பித்தான் வந்தது. ஆனால் அழிக்கும்போதே அந்த இடத்தைச் சுழியங்களால் நிரப்பிவிடும் வசதியும் எஸ்கியூலைட்டில் உண்டு. அது இயங்கினால் கிடக்கவும் ஒன்றுமில்லை.

சரி, கிடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே போக ரூட், அதாவது போனின் முழு அதிகாரம், வேண்டும். ரூட் பண்ண, போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும்போது போன் தன்னிடமுள்ளதை முழுவதும் அழித்துவிடும், பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மீட்க வேண்டியதை முதலில் அழித்துவிட்டுத்தான் மீட்கத் தொடங்க முடியும்.

ஃபக்டரி ரீசெட் பண்ணிய போனிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இன்னும் தெளிவு. அன்ட்ரொய்ட் 10இல் இருந்து வெளியே வந்த போன்களில் ஒவ்வொரு கோப்பும் மறையாக்கித்தான் எழுதப்படுகிறது. ரீசெட் பண்ணும்போது அதன் திறவுகோல் அழிகிறது. திறவுகோல் இல்லாமல் அந்தச் சிப்பைக் கழற்றி வாசித்தாலும் வருவது குப்பைதான்.

கடைகளில் இப்படி வாங்கிவைக்கிற போன்களுக்கு என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். கெட்டிக்காரர் என்றால் நான் மேலே சொன்ன டேட்டாபேசஸ் ஃபோல்டரைப் பார்ப்பார், இருந்தால் எடுத்துத் தருவார். இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து 'வரவில்லை' என்பார், முற்பணம் திரும்பாது. அதற்கிடையில் உங்கள் படங்கள், வங்கி அப், எல்லாம் லொக் இல்லாமல் யாரோ ஒருவர் மேசையில்.

தெஹிவளை அக்கா

மகள், ஒன்று சொல்லட்டுமா. அம்மாவின் போனில்தானே போயிருக்கிறது. அனுப்பினவர்களின் போனில் ஒன்றும் போகவில்லை. சட்களைத் துடைத்தால் நமது பக்கம் மட்டும்தான் காலியாகும். அவசர ஓடர் யாருடையது என்று பார்த்து, 'அக்கா, அளவை ஒருக்கா திரும்ப அனுப்பிவிடுங்கள்' என்று கேட்டால் பழைய மெசேஜை அப்படியே ஃபோர்வர்ட் பண்ணுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிழையான அளவில் வெட்டிவிட்டு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நானும் பலகார ஓடர் எடுக்கிறேன், எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வட்ஸ்அப்தான் கணக்குக் கொப்பி. அதனால் இந்த இழையை விடாமல் வாசிக்கிறேன்.

கொட்டாஞ்சேனை மகள்

அக்கா, அம்மாவும் இதையேதான் சொன்னார். நாளைக்கு வெட்ட வேண்டிய இரண்டு பேரிடம் கேட்டுவிட்டோம், ஒருவர் உடனே அனுப்பிவிட்டார்.

அண்ணா, ஃபோல்டரைக் கண்டுபிடித்தேன். திகதியோடு கோப்புகள் இருக்கின்றன, முடிவில் கிரிப்ட்14 என்று இருக்கிறது. திகதி இல்லாமல் ஒன்றும் இருக்கிறது. அந்தத் திகதி இல்லாததுதான் இன்று அதிகாலை எடுத்தது, மற்ற எல்லாவற்றையும்விட மிகவும் சின்னது. நேற்று அதிகாலையில் எடுத்ததும் அதற்கு முந்தியவையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பெரியவை. முழு ஃபோல்டரையும் தம்பியின் லப்டொப்பில் போட்டாயிற்று. இப்போது நேற்றையதைத் திறந்து பார்க்க முடியுமா?

புறக்கோட்டை மேசை

அப்படியே திறக்க முடியாது, அது மறையாக்கிய கோப்பு. அம்மாவின் நம்பரை உறுதிப்படுத்தினால்தான் வட்ஸ்அப் அதற்கான திறவுகோலை வாங்கித் திறக்கும். ஆனால் உங்களுக்குத் தேவையானது கையில் இருக்கிறது. சின்னக் கோப்பு துடைத்த பிறகு எடுத்தது, பெரியது துடைக்க முதல் எடுத்தது.

சாதாரணமாகச் சொல்லும் வழி, அதே போனில் வட்ஸ்அப்பை நீக்கிப் போட்டுப் பழைய கோப்பை ரீஸ்டோர் பண்ணுவது. நான் அதைச் சொல்லமாட்டேன். ரீஸ்டோர் பண்ணினால் நேற்று அதிகாலைக்குப் பிறகு வந்தவை போய்விடும், இன்று கஸ்டமர் திரும்ப அனுப்பியதும் சேர்த்து. ஏதாவது பிசகினால் இருப்பதும் இல்லாமல் போகும். வீட்டில் பழைய அன்ட்ரொய்ட் போன் ஒன்று கிடக்கிறதா? திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை, சார்ஜ் ஏறினால் போதும்.

இருந்தால் இப்படிச் செய்யுங்கள். பழைய போனில் பிளே ஸ்டோரிலிருந்து வட்ஸ்அப்பைப் போடுங்கள், திறக்க வேண்டாம். லப்டொப்பிலிருந்து அந்த வட்ஸ்அப் ஃபோல்டரை அதே பாதையில் பிரதி பண்ணுங்கள், கொம்.வட்ஸ்அப் ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். டேட்டாபேசஸுக்குள் திகதி இல்லாத சின்னக் கோப்பை எடுத்துவிடுங்கள். நேற்று அதிகாலையின் கோப்புப் பெயரில் உள்ள திகதியையும் அதன் பின்னால் வரும் 1ஐயும் நீக்கி, எம்எஸ்ஜிஸ்டோர்.டிபி.கிரிப்ட்14 என்று மட்டும் வையுங்கள். முடிவில் இருக்கும் 14ஐ மாற்றக்கூடாது. சிலருக்கு 15 என்று இருக்கும், அவர்கள் 15 என்றே விட வேண்டும்.

இரவில், மெசேஜ் குறைவாக வரும் நேரமாகப் பார்த்து, பழைய போனில் வட்ஸ்அப்பைத் திறந்து அம்மாவின் நம்பரைக் கொடுங்கள். ஆறு இலக்கக் கோட் அம்மாவின் சிம்முக்கு வரும். சிம் அம்மாவின் போனிலேயே இருக்கலாம், கோட்டைப் பழைய போனில் டைப் பண்ணினால் சரி. இரட்டைச் சரிபார்ப்புக்கு பின் நம்பர் (PIN) போட்டிருந்தால் அதையும் கேட்கும். அது மறந்து, மீட்க ஈமெயிலும் கொடுத்திருக்காவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆகவே முதலிலேயே அம்மாவிடம் கேளுங்கள். கூகுள் கணக்கில் பேக்கப் தேடவா என்றால் வேண்டாம் என்று தாண்டுங்கள், இல்லாவிட்டால் சித்திரையினதைப் பிடித்துக்கொள்ளும். அப்போது போனுக்குள் இருக்கும் பேக்கப்பைக் கண்டுபிடித்துத் திகதியைக் காட்டும். ரீஸ்டோர் அழுத்துங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு ஸ்கிப் அழுத்திவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வந்ததும் அந்தப் போனில் தேவையான சட் ஒவ்வொன்றையும் எக்ஸ்போர்ட் பண்ணி ஈமெயிலுக்கோ ட்ரைவுக்கோ அனுப்புங்கள். எழுத்து மட்டும் என்றால் ஒரு சட்டில் 40,000 மெசேஜ் வரையும், மீடியாவோடு என்றால் 10,000 வரையும் போகும். அளவுகளைக் கொப்பியிலும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அம்மாவின் போனில் திரும்ப நம்பரை உறுதிப்படுத்தினால் அங்கே இருந்தது அப்படியே இருக்கும்.

கோட் வராவிட்டால் அடுத்தடுத்து அழுத்தாதீர்கள். அழுத்த அழுத்தக் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

கொட்டாஞ்சேனை மகள்

ஒன்றுவிடாமல் எழுதி எடுத்துவிட்டேன். மாமியின் பழைய ஹுவாவே ஒன்று இருக்கிறது, கூகுள் உள்ள பழைய மொடல்தான். இன்றிரவு செய்து பார்க்கிறோம்.

வத்தளையான்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. வாடகைக்கு இருந்த அனெக்ஸை விட்டு வந்துவிட்டோம். அட்வான்ஸ் காசை இந்த மாத முடிவுக்குள் தருகிறேன் என்று வீட்டுக்காரர் முந்தநாள் இரவு மெசேஜ் போட்டார், நேற்று மத்தியானம் அதை 'எல்லோருக்கும் அழி' பண்ணிவிட்டார். இப்போது 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று மட்டும் நிற்கிறது. எடுக்கலாமா? டயலொக், மொபிட்டெல் போன்ற கம்பனிகளிடம் கேட்டால் கொடுப்பார்களா?

புறக்கோட்டை மேசை

கம்பனிகளிடம் இல்லை. சாதாரண எஸ்எம்எஸ் அவர்கள் வழியாகப் போகும், வட்ஸ்அப் அவர்களுக்கு வெறும் டேட்டாதான். வட்ஸ்அப்பிடமும் இல்லை. 2016இல் இருந்து இரண்டு முனைகளில் மட்டும் வாசிக்கக்கூடிய மறையாக்கம், சேர்ந்த மெசேஜ் அவர்களது சேர்வரில் நிற்பதும் இல்லை. சேராதது 30 நாள்வரை நிற்கும், பிறகு அதுவும் போய்விடும்.

ஆனால் உங்களுக்கு நேரம் சாதகமாக இருக்கிறது. இரவு வந்து, மறுநாள் மத்தியானம்தான் அழித்திருக்கிறார். இடையில் அதிகாலை 2 மணி வந்துபோனது. அன்ட்ரொய்ட் என்றால் நேற்று அதிகாலையின் கோப்பில் அந்த மெசேஜ் முழுதாக இருக்க வேண்டும். மேலே தங்கச்சிக்குச் சொன்ன அதே வழிதான், இன்றே ஃபோல்டரைப் பிரதி எடுங்கள்.

அதோடு செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று இருக்கும், அன்ட்ரொய்ட் 11இல் வந்தது. ஏற்கனவே ஓன் பண்ணியிருந்தால் கடைசி 24 மணித்தியாலத்தில் வந்த அறிவித்தல்கள் எழுத்தோடு இருக்கும், அனுப்பியவர் அழித்தாலும். உங்களுடையது அந்த நேரத்தைத் தாண்டிவிட்டது. இனிமேலுக்காக ஓன் பண்ணி வையுங்கள். அழித்த மெசேஜைக் காட்டும் என்று ஜிபி வட்ஸ்அப் போன்ற, வெளியார் மாற்றிச் செய்த வட்ஸ்அப்களைப் போடச் சொல்வார்கள், வேண்டாம். போட்ட பிறகு வருவதைத்தான் அது பிடிக்கும், பழையதை அல்ல. நம்பரே தடைசெய்யப்படலாம், உங்கள் சட் எல்லாம் யார் செய்தது என்று தெரியாத அப்பின் கையில்.

புதுக்கடைப் பக்கம்

வத்தளையாருக்கு. நான் சட்ட வேலையில் இருக்கிறேன், பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இருக்கிறது. மின்னணு வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைச் சட்டம் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஸ்கிரீன்ஷொட் ஒன்றை மட்டும் நீட்டினால் மறுபக்கம் அது வெட்டி ஒட்டியது என்று சொல்லும். ஆகவே போனை வைத்திருங்கள், விற்காதீர்கள், ரீசெட் பண்ணாதீர்கள். மீட்டெடுத்த சட் அந்த நம்பரோடும் திகதியோடும் திரையில் தெரிவதை இன்னொருவர் போனால் வீடியோ எடுத்து வையுங்கள். பேக்கப் கோப்பின் பிரதியையும் கைவைக்காமல் தனியே வையுங்கள். அட்வான்ஸ் கட்டிய வங்கிப் பற்றுச்சீட்டும் வாடகை ஒப்பந்தமும் இந்த மெசேஜைவிடக் கனமானவை, அவற்றைத் தேடி எடுங்கள்.

இரவுப்பறவை

நண்பர்களே, எனக்கு என் மனைவியின் போனில் அழித்த மெசேஜ்களைப் பார்க்க வேண்டும். இந்த வழி வேலை செய்யுமா? அவருக்குத் தெரியாமல்.

புதுக்கடைப் பக்கம்

இதற்கு இங்கே யாரும் வழி சொல்லக்கூடாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் ஒருவருடைய சாதனத்துக்குள் நுழைவது குற்றம். மனைவி, கணவன் என்றால் விலக்கு என்று அதில் இல்லை. மனதில் உள்ளதை அவரிடம் நேரடியாகக் கதையுங்கள்.

தெஹிவளை அக்கா

ஓம், அதுதான் சரி. இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம். பிள்ளை, உங்கள் விஷயம் என்னாயிற்று?

கொட்டாஞ்சேனை மகள்

வந்துவிட்டது! நேற்று அதிகாலைவரை இருந்த எல்லாம் வந்துவிட்டது. அம்மா பழைய போனைக் கையில் வாங்கி ஒவ்வொரு பெயராகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோட் முதல் தடவை வரவில்லை, அண்ணா சொன்னபடி காத்திருந்து எடுத்தோம். மீடியா ஃபோல்டரையும் சேர்த்துப் பிரதி பண்ணியதால் குரல் பதிவுகள் அந்தந்தப் பெயருக்குள்ளேயே வந்து நிற்கின்றன, அழுத்தினால் பேசுகின்றன. ஒருவர் பஸ்ஸில் இருந்துகொண்டு, கண்டக்டர் 'பம்பலப்பிட்டிய, கொள்ளுப்பிட்டிய' என்று கத்தும் சத்தத்துக்கு நடுவில், 'முன்கழுத்து ஏழு, பின்கழுத்து ஒன்பது, கையை முழங்கைக்கு ஒரு அங்குலம் மேலே நிப்பாட்டுங்கோ' என்கிறார். அந்தத் துணி நாளை வெட்ட வேண்டியது.

ஆனால் துடைத்த அன்று காலையிலிருந்து பின்னேரம் வரை வந்தவை இல்லை. அன்றைக்குத்தான் இரண்டு புது ஓடர் வந்தது என்று அம்மா சொல்கிறார்.

புறக்கோட்டை மேசை

மிகவும் சந்தோஷம், தங்கச்சி. அந்த இடைவெளி இருக்கத்தான் செய்யும். 2 மணிக்கும் துடைத்த நேரத்துக்கும் நடுவில் வந்த எழுத்து எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அதை எந்தக் கடையும் தராது.

ஆனால் குரல் பதிவாக வந்திருந்தால் இருக்கும். லப்டொப்பில் எடுத்த பிரதியில் மீடியாவுக்குள் வட்ஸ்அப் வொய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டரைத் திறவுங்கள். உள்ளே ஆண்டும் கிழமையும் சேர்ந்த இலக்கத்தோடு ஃபோல்டர்கள், கடைசி ஃபோல்டர்தான் இந்தக் கிழமை. ஒவ்வொரு பதிவின் பெயரிலும் பிடிடி என்ற எழுத்துகளுக்குப் பிறகு திகதி எட்டு இலக்கத்தில் இருக்கும், பிறகு டபிள்யூஏ, பிறகு அன்றைய வரிசை இலக்கம். துடைத்த நாளின் திகதி உள்ளதைத் தேடுங்கள். ஓபஸ் என்று முடியும் கோப்பு, விஎல்சி பிளேயரில் ஓடும். யார் என்று பெயர் இராது, குரலை அம்மா கண்டுபிடிப்பார். படங்களும் அதேபோலத்தான், ஐஎம்ஜி, திகதி, வரிசை.

கொட்டாஞ்சேனை மகள்

கிடைத்தது அண்ணா! அன்றைய திகதியில் குரல் பதிவுகள் இருக்கின்றன. இரண்டு சொல் கேட்டதுமே அம்மா 'இது செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறவரின் மருமகள்' என்று சொல்லிவிட்டார். மற்ற ஓடர் எழுத்தாக வந்ததாம், அவரிடம் திரும்பக் கேட்டுவிட்டோம்.

பம்பலப்பிட்டி ஐபோன்

ஐபோனுக்கு இந்த 2 மணிக் கோப்பு இருக்கிறதா? என் தங்கையின் சட் ஒன்று இன்று காலை அழிந்துவிட்டது.

புறக்கோட்டை மேசை

இல்லை. ஐபோனில் ஐகிளவுட்டுக்குப் போகும் பேக்கப் மட்டும்தான், அதுவும் ஒன்றுதான். இன்று காலை அழிந்தது என்றால் வட்ஸ்அப்பில் கடைசிப் பேக்கப் நேரத்தைப் பாருங்கள். அது நேற்று இரவு என்றால் உடனே தானாக எடுப்பதை நிறுத்திவிட்டு, வட்ஸ்அப்பை நீக்கிப் போட்டு ரீஸ்டோர் பண்ணலாம். இன்று வந்தவற்றை முதலில் எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். கணினியில் எப்போதாவது முழுப் போனையும் பேக்கப் எடுத்திருந்தால் வட்ஸ்அப் தரவுத்தளம் அதற்குள்ளும் இருக்கும். ஆனால் அதைத் திரும்பப் போட்டால் முழுப் போனும் அந்த நாளுக்குப் போய்விடும்.

பேக்கப்புக்கு மறையாக்கம் போட்டிருந்தால் பாஸ்வேர்டோ 64 இலக்கத் திறவுகோலோ வேண்டும். 2021இல் வந்த வசதி. அது தொலைந்தால் வட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது. போடுவது நல்லது, ஆனால் எழுதி வைத்துவிட்டுப் போடுங்கள்.

ஐமெசேஜ், எஸ்எம்எஸ் என்றால் கவலையே இல்லை. ஐஓஎஸ் 16இல் இருந்து மெசேஜஸ் அப்பிலேயே 'அண்மையில் அழித்தவை' இருக்கிறது, 30 நாளாவது நிற்கும்.

மருதானை மாணவன்

டெலிகிராமில் அழித்தால்?

புறக்கோட்டை மேசை

டெலிகிராமில் சாதாரண சட் எல்லாம் அவர்கள் சேர்வரில்தான். இருவர் மட்டும் பேசும் சட்டில் யார் வேண்டுமானாலும் எந்த மெசேஜையும் இரண்டு பக்கமும் அழிக்கலாம், 2019இல் இருந்து காலக்கெடுவும் இல்லை. அப்படிப் போனால் திரும்பாது. வட்ஸ்அப்பில் தானாக மறையும் மெசேஜும் இப்படித்தான். மறைவதற்கு முன் எடுத்த பேக்கப்பில் இருந்தாலும், ரீஸ்டோர் பண்ணும்போது நீங்கிவிடும்.

தெஹிவளை அக்கா

தம்பி, என்னைப் போல ஓடர் எடுக்கிறவர்கள் தினமும் என்ன செய்ய வேண்டும் என்று எளிமையாகச் சொல்லுங்கள். இந்த ஃபோல்டர், கோப்பு எல்லாம் எனக்கு ஓடாது.

புறக்கோட்டை மேசை

அக்கா, வட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள். ஓடர் உறுதியானதும் பெயர், திகதி, அளவு அல்லது எண்ணிக்கை, வாங்கிய முற்பணம், நான்கையும் கொப்பியில் ஒரு வரியாக எழுதுங்கள். கூகுள் கணக்கில் இடம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காமல் விடுங்கள், எழுத்துக்கும் படத்துக்கும் இடம் கிடைக்கும். போனில் இடம் வேண்டுமென்றால் வட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் பெரிய வீடியோக்களை மட்டும் பார்த்து அழியுங்கள். எந்தச் சட்டில் என்ன பாரம் என்று அங்கே வரிசையாகக் காட்டும். காலை வணக்க வீடியோக்களே பாதி இடத்தைப் பிடித்திருக்கும்.

வட்ஸ்அப்புக்குத் தனி லொக் போடலாம், பிள்ளைகள் விளையாடக் கேட்டாலும் பயமில்லை. ஆறு இலக்கக் கோட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மெசேஜ் மீட்டுத் தருகிறேன் என்று போனில் கதைத்து அந்தக் கோட்டை வாங்கிக்கொண்டு கணக்கையே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வத்தளையான்

எனக்கும் வந்தது. நேற்று அதிகாலைக் கோப்பில் வீட்டுக்காரரின் மெசேஜ் முழுதாக இருக்கிறது. புதுக்கடைக்காரர் சொன்னபடி வீடியோவும் எடுத்தாயிற்று. அவரிடம் முதலில் நேரில் போய்க் கதைக்கிறேன், அதற்குப் பிறகுதான் சட்டத்தரணி.

கொட்டாஞ்சேனை மகள்

அண்ணா, கடைசியாக ஒன்று. பழைய ஹுவாவேயில் உள்ள வட்ஸ்அப்பை இப்போது நீக்கலாமா? அம்மாவின் போனில் நம்பரைத் திரும்பப் போட்டுவிட்டோம்.

புறக்கோட்டை மேசை

எக்ஸ்போர்ட் பண்ணியவை லப்டொப்பில் திறக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எழுத்தில் தமிழ் சரியாகத் தெரிகிறதா, குரல் பதிவு ஓடுகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றாலும் ஆவணி ஓடர்கள் கொடுத்து முடியும்வரை அந்தப் போனை அப்படியே அலுமாரியில் வையுங்கள். லப்டொப்பில் உள்ள ஃபோல்டரையும் அழிக்க வேண்டாம்.